மரம் 1848-இல் வந்தது, வண்டு 1981-இல்தான் வந்தது

என் அம்மா மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், பாமாயில் தரும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் மூன்று வருஷம் பூவுக்குப் பவுடர் அடித்தார். தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் எல்லோரும் அந்த வேலையை அப்படித்தான் சொல்வார்கள். விடியுமுன் பெரட்டு, பெயர் கூப்பிட்டு முடிந்ததும் மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், ஆளுக்கொரு பாட்டில் கொடுப்பார். ஆண்பூவிலிருந்து உதிர்த்து, சலித்து, காயவைத்த மகரந்தத்தை டால்க் பவுடரோடு கலந்து அதில் போட்டிருப்பார்கள். பாட்டிலின் வாயில் ஒரு நீளக் குழாய், அழுத்தினால் புஸ்ஸென்று தூள் வரும். அம்மாவும் கூடப் போகிற அத்தைமார்களும் வரிசை வரிசையாக ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து, மட்டையின் அடியில் இருக்கும் முள்ளை விலக்கி, பெண்பூ விரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிந்திருந்தால் அடிக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த மரம். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி அதே வரிசை, அதே மரம்.

“வெள்ளையா இருந்தா அடி, செவந்துடுச்சுன்னா விட்டுடு” என்று அம்மா சொல்வது எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது. பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போயிருக்கிறேன். சாயங்காலம் அவர் கையைப் பிடித்தால் புறங்கை முழுக்க முள் கீறிய கோடு, அந்தக் கோட்டுக்குள்ளே வெள்ளைப் பவுடர் படிந்திருக்கும், குளித்தாலும் முழுசாகப் போகாது.

1981 கடைசியில் அந்த வேலை நின்றது. மண்டோர் பாட்டில்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “இனிமே வண்டு பாத்துக்கும்” என்று சொன்னாராம். அம்மா அதை வீட்டில் வந்து சொன்னபோது அப்பா நம்பவில்லை. அந்த வண்டு எங்கிருந்து வந்தது, ஏன் அவ்வளவு நாள் வராமல் இருந்தது, வந்தபிறகு என்ன ஆனது என்பதைத்தான் எழுதப் போகிறேன். நான் இப்போது இன்னொரு தோட்டத்தில் வெளிக்காட்டுக் கிராணி, வெளிவேலைக் கணக்குப் பார்க்கும் எழுத்தர். தினமும் அந்த வண்டைப் பார்க்கிறேன்.

முதலில் இந்த மரம் எப்படிப் பூக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், அது புரியாமல் மற்றது எதுவும் புரியாது. செம்பனையில் ஆண்பாளையும் பெண்பாளையும் ஒரே மரத்தில் வரும், ஆனால் ஒரே சமயத்தில் வராது. சில மாதம் தொடர்ந்து பெண்பாளையாகத் தள்ளும், அப்புறம் சில மாதம் ஆண்பாளை. வறட்சி கண்ட மரம், மட்டையை அதிகமாக வெட்டிவிட்ட மரம் என்றால் ஆண்பாளை கூடிவிடும். அதுவும் உடனே தெரியாது, இன்றைக்கு மரம் படும் கஷ்டம் ஒன்றரை இரண்டு வருஷம் கழித்துத்தான் பாளையில் தெரியும். ஆக ஒரு மரத்தின் பெண்பூ விரியும்போது அதற்கு மகரந்தம் தர அதே மரத்தில் ஆண்பூ பெரும்பாலும் இருக்காது. பக்கத்து மரமோ, பத்து வரிசை தள்ளியிருக்கும் மரமோதான் தர வேண்டும். தன் மகரந்தம் தனக்கே விழாமல் மரம் பார்த்துக்கொள்கிற வழி இது. ஆனால் இதற்கு நடுவில் ஓர் ஆள் வேண்டும், இங்கிருந்து எடுத்து அங்கே கொண்டுபோய்க் கொடுக்க.

ஆண்பாளை பார்ப்பதற்கு விரல்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு மாதிரி இருக்கும். ஒவ்வொரு விரலிலும் நூற்றுக்கணக்கில் பொடிப்பொடியான பூக்கள். விரிந்த நாளில் லேசாகத் தட்டினால் மஞ்சளாகத் தூள் கொட்டும். நன்றாக வளர்ந்த ஒரு பாளையில் 30 கிராமுக்கு மேல் மகரந்தம் கிடைக்கும். மகரந்தத்தை எடைபோட்டுப் பேசுகிற அளவுக்குத் தருகிற பூ அபூர்வம். பெண்பாளை வேறு மாதிரி, உருண்டு திரண்டு, முள் முள்ளாக, ஆயிரக்கணக்கான பூக்களோடு மட்டை இடுக்கில் அமுங்கி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு பெண்பூவுக்கும் மூன்று மடலாகப் பிரிந்த சூல்முடி. விரிந்த புதிதில் அது வெண்மையும் வெளிர்மஞ்சளுமாக, ஈரப்பசையோடு இருக்கும். இரண்டு மூன்று நாளில் சிவந்து கருத்துவிடும், அதோடு அந்தப் பூவின் காலம் முடிந்தது. அம்மா சொன்ன வெள்ளையும் சிவப்பும் இதுதான். தாவரவியல் படித்தவர்கள் சூல்முடி மகரந்தம் ஏற்கும் காலம் என்று எழுதுவதை எங்கள் பெண்கள் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

அந்த இரண்டு மூன்று நாளுக்குள் மகரந்தம் வந்துவிட்டால் சூல்முடியின் ஈரத்தில் அது முளைக்கும். மெல்லிய குழாய் ஒன்று விட்டு, சூலகத்துக்குள் இறங்கி, சூலைத் தொடும். அந்தக் குழாய் வழியே இரண்டு ஆண் அணுக்கள் போகின்றன. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. இன்னொன்று நடுவில் இருக்கும் இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து, கருவுக்குச் சாப்பாடாக இருக்கும் கருவூணை உண்டாக்குகிறது. பூக்கும் தாவரங்களுக்கே உரிய இரட்டைக் கருவுறுதல் இது. செம்பனையில் அந்தக் கருவூண்தான் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மகரந்தம் வரவில்லை என்றால்? சில பூ அப்படியே கருகிவிடும். சில பூ, கருவுறாமலே, உள்ளே பருப்பில்லாத சின்னக் காயாக ஒப்புக்குத் திரளும். குலை எடை வராது, பாதி வெற்றிடமாக இருக்கும். மகரந்தம் சரியாகச் சேராத குலையை அறுத்துப் பார்த்தால் வெளிப்பக்கம் நாலு வரிசை பழம், உள்ளே பூராவும் காய்ந்த பூ. மொத்தமாக அழுகிப்போவதும் உண்டு.

சரி, வரலாற்றுக்கு வருவோம். செம்பனையின் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. 1848-இல் நாலே நாலு கன்றுகள் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. தென்கிழக்காசியாவின் செம்பனைத் தொழிலுக்கு அந்த நாலும்தான் ஆதி. சுமத்ராவுக்கு அழகு மரமாகப் போய், 1911-இல் அங்கே தோட்டப் பயிரானது. மலாயாவில் 1917-இல் சிலாங்கூரில் தென்னமரம் என்ற தோட்டத்தில் வணிகமாக நட்டார்கள். 1960-களில் ரப்பர் விலை ஆட்டம் கண்டபிறகு தோட்டம் தோட்டமாகப் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை வைத்தார்கள். என் தாத்தா பால்வெட்டு, என் அப்பா குலைவெட்டு. ஒரே தோட்டம், ஒரே லயம், மரம் மட்டும் மாறியது.

மரம் கடல் தாண்டி வந்தது. அதன் பூவோடு ஆப்பிரிக்காவில் எத்தனையோ காலமாகச் சேர்ந்து வாழ்ந்த பூச்சிகள் வரவில்லை. விதையாகவும் கன்றாகவும் வந்தால் பூச்சி எப்படி வரும்? அது தேவை என்று யாரும் நினைக்கவும் இல்லை, ஏனென்றால் செம்பனை காற்றால் மகரந்தம் பெறும் மரம் என்றுதான் எல்லாப் புத்தகத்திலும் இருந்தது. அப்படி நினைத்ததற்குக் காரணமும் இருந்தது. மகரந்தம் கொட்டிக் கிடக்கிறது, லேசாக உலர்ந்த தூளாக இருக்கிறது, பூவுக்குப் பகட்டான இதழ் கிடையாது, தேன் கிடையாது. பார்க்கிறவர் யாராக இருந்தாலும் காற்று என்றுதான் சொல்வார்.

ஆனால் தோட்டத்தில் நடப்பது அப்படி இல்லை. தீபகற்ப மலேசியாவில் வயதான மரங்களில் காய்ப்பு சுமாராக நடந்தது, இளம் மரங்களில் மோசம். போர்னியோத் தீவில் இருக்கும் சபா மாநிலத்தில் இன்னும் மோசம், மழைக்காலத்தில் குலை குலையாக வீணானது. இளம் மரம் பெண்பாளையாகத் தள்ளும், ஆண்பாளை குறைவு, அதனால் காற்றில் மகரந்தம் போதவில்லை என்று ஒரு விளக்கம் சொன்னார்கள். அது பாதி உண்மை. மருந்து என்ன? மனிதர்களை வைத்துத் தூள் அடிப்பது. அதுதான் அம்மாவின் வேலை. 1980-இல் மலேசியாவில் செம்பனைப் பரப்பு சுமார் 10 லட்சம் ஹெக்டேர். அதில் இளம் மரம் இருக்கும் காடுகளில் (தோட்டத்தில் மரம் நிற்கும் பகுதியை நாங்கள் காடு என்போம்) இப்படி மரம் மரமாகப் பார்த்து அடிப்பதென்றால் எத்தனை கை வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் கைகளில் ஏராளமானவை தமிழ்ப் பெண்களின் கைகள். செம்பனை ஆராய்ச்சி பற்றிய கட்டுரைகளில் இது ஒரே வரியில், உதவி மகரந்தச் சேர்க்கை, செலவு அதிகம் என்று கடந்துபோகிறது. எனக்கு அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும்.

இந்தக் கதையில் முதல் கேள்வியைக் கேட்டவர் ஓர் ஆய்வாளர் இல்லை, ஒரு தோட்டத் துரை. லெஸ்லி டேவிட்சன் என்பவர் யூனிலிவர் நிறுவனத்தின் தோட்டங்களில் வேலை பார்த்தவர். மலாயாவில் தொடங்கி, 1950-களின் பிற்பாதியில் கேமரூனில் இருந்துவிட்டு, அப்புறம் சபாவில் புதுத் தோட்டம் போட வந்தார். கேமரூனில் அவர் கண்ணால் பார்த்தது இது: ஆண்பூ விரிந்தால் அதன்மேல் சின்னச் சின்னக் கூன்வண்டுகள் மொய்த்துக் கிடக்கும், குலைகள் யாரும் தூள் அடிக்காமலே நிறையக் காய்க்கும். சபாவில் அந்த வண்டும் இல்லை, காய்ப்பும் இல்லை. மழையைக் காரணம் சொன்னால் அதுவும் ஒத்துவரவில்லை, ஏனென்றால் கேமரூனின் அந்தக் கரையோரம் உலகிலேயே அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. அங்கே மழையில் நன்றாகக் காய்க்கும் மரம் இங்கே மழையில் ஏன் காய்க்கவில்லை? அவர் கேட்டார். காற்றால்தான் நடக்கிறது என்று நிபுணர்கள் பதில் சொன்னார்கள். வருஷங்கள் போயின. 1970-களில் அவர் நிறுவனத்தில் மேல்நிலைக்கு வந்தபிறகுதான், இதை முறையாக ஆராய ஒருவரை நியமிக்க முடிந்தது.

வந்தவர் ரஹ்மான் சையத், பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியலாளர், காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனத்தில் இருந்தவர். அவர் மலேசியாவிலும் கேமரூனிலும் பார்த்தார். மலேசியாவில் அவர் கண்டது, தீபகற்பத்தில் செம்பனைப் பூவுக்கு வரும் ஒரு பொடி இலைப்பேன். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு பூச்சி. தீபகற்பத்தின் பெரிய மரங்களில் சுமாராகவாவது காய்த்ததற்கு அந்த இலைப்பேன்தான் காரணம், சபாவில் அது கைகொடுக்கவில்லை. அதாவது, காற்று என்று நாம் நினைத்த இடத்திலேயே ஒரு பூச்சிதான் யாருக்கும் தெரியாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

கேமரூனில் அவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, எளிமையானது, பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தரலாம். விரியப் போகும் பெண்பாளைகளைத் துணியால் மூடினார். துணியின் கண், மகரந்தம் காற்றோடு நுழையும் அளவுக்கு உண்டு, பூச்சி நுழையும் அளவுக்கு இல்லை. காற்றால்தான் நடக்கிறதென்றால் உள்ளே காய்க்க வேண்டும். காய்ப்பு விழுந்துவிட்டது. பக்கத்தில் மூடாமல் விட்ட பாளைகள் நிறையக் காய்த்தன. இதன்பிறகு வாதாட ஒன்றும் இல்லை. ஆய்வு 1979-இல் வெளியானது.

பூவுக்கு வரும் கூன்வண்டு ஒரே இனம் இல்லை, எலைடோபியஸ் என்ற ஒரே பேரினத்தில் பல இனங்கள். அவற்றில் சையத் தேர்ந்தெடுத்தது எலைடோபியஸ் கமெருனிகஸ், கேமரூன் நாட்டின் பெயரையே தாங்கிய வண்டு. உடம்பில் அதிக மகரந்தம் சுமக்கும், மழைக்காலம் வெயில்காலம் இரண்டிலும் தாங்கும் என்பதால்.

இந்த வண்டை ஒருநாள் காலையில் நின்று பார்க்க வேண்டும். நான் அடிக்கடி பார்ப்பேன், வேலை நேரத்தில் கொஞ்சம் திருடிக்கொண்டாவது. ஒன்பது பத்து மணிக்கு, வெயில் ஏறியபிறகு, விரிந்த ஆண்பாளை பக்கம் போனால் முதலில் மூக்கில் ஏறுவது சோம்பு வாசம். சமையலில் போடுகிற பெருஞ்சீரகத்தின் அதே வாசம், பூவே எஸ்ட்ராகோல் என்ற வாசனைப் பொருளை விடுகிறது. பாளையின் ஒரு விரலை ஒடித்து உள்ளங்கையில் தட்டினால் பத்து இருபது வண்டு உதிரும். 3, 4 மில்லிமீட்டர்தான் இருக்கும், பழுப்பும் கருப்புமாக, முகம் தும்பிக்கை மாதிரி நீண்டு வளைந்திருக்கும். உதறிவிட்டுப் பார்த்தால் உள்ளங்கையில் மஞ்சள் தூள், வண்டின் முதுகிலும் காலிலும் அதே தூள். அதற்கு அங்கே சாப்பாடு, அங்கேயே துணை, அங்கேயே முட்டை. ஆண்பூ வாடியபிறகு புழு அந்த வாடிய பூவையே தின்று வளர்ந்து, இரண்டு மூன்று வாரத்தில் வண்டாகி வெளியே வந்து அடுத்த ஆண்பூவைத் தேடும். மரத்துக்கு இதில் நஷ்டமே இல்லை, வேலை முடிந்த பூவைத்தான் தின்கிறது.

அப்படியென்றால் அது பெண்பூவுக்கு ஏன் போக வேண்டும்? பெண்பூவில் மகரந்தம் இல்லை, முட்டையிட இடம் இல்லை, தின்ன ஒன்றும் இல்லை. பெண்பூவும் அதே சோம்பு வாசத்தை விடுகிறது, அதனால் போகிறது. அலை அலையாக, விட்டு விட்டு வாசம் வரும். ஆண்பூ என்று நம்பி வண்டு வந்து இறங்குகிறது, சூல்முடிகளின்மேல் அங்குமிங்கும் ஓடித் தேடுகிறது, ஒன்றும் இல்லையென்று கொஞ்ச நேரத்தில் பறந்துவிடுகிறது. ஓடிய ஓட்டத்தில் முதுகுத் தூள் சூல்முடியில் ஒட்டிவிடுகிறது. ஒரு வண்டு ஏமாந்து போனால் போதாது, ஆயிரம் வண்டு ஏமாற வேண்டும், ஆயிரக்கணக்கான பூ இருக்கிறதே. காற்று ஒருபோதும் செய்ய முடியாத காரியம் ஒன்று இதில் இருக்கிறது: பெண்பாளை மட்டை இடுக்கில் அமுங்கி, வெளிப்பூவுக்குப் பின்னால் உள்பூ என்று அடுக்கடுக்காக மறைந்திருக்கும், அந்த இடுக்கில் வண்டுதான் நுழையும். அம்மாவின் குழாய்கூட வெளிவரிசைக்கு அடித்த அளவு உள்வரிசைக்கு அடிக்க முடியாது.

வெளிநாட்டுப் பூச்சி ஒன்றை வேண்டுமென்றே கொண்டுவந்து விடுவது சாதாரண விஷயம் இல்லை. நன்மைக்கென்று கொண்டுவந்து நாசமான கதைகள் உலகத்தில் உண்டு, ஆஸ்திரேலியாவில் கரும்பு வண்டைத் தின்னக் கொண்டுபோன தேரை ஒன்றே போதும். அதனால் இரண்டு விஷயத்தை முதலில் உறுதி செய்தார்கள். ஒன்று, இது வேறு பயிரைத் தின்னுமா என்பது. வேறு பயிர்கள்மேல் விட்டுப் பார்த்தார்கள். செம்பனையின் ஆண்பூவில் மட்டும்தான் அதனால் இனம் பெருக்க முடிந்தது. இரண்டு, ஆப்பிரிக்காவில் செம்பனையை வாட்டிக் கொல்லும் பூஞ்சை நோய் ஒன்று உண்டு, மலேசியாவில் அது கிடையாது. வண்டோடு அது ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால் தொழிலே போய்விடும். எனவே 1980-இல் கொண்டுவந்ததை உடனே வெளியே விடாமல் தனிமைப்படுத்தி, தலைமுறை தலைமுறையாக வளர்த்து, சுத்தம் என்று தெரிந்தபிறகுதான் விட்டார்கள்.

1981 பிப்ரவரியில் ஜொகூரில் குளுவாங் பக்கம் யூனிலிவருக்குச் சொந்தமான பாமோல் தோட்டத்தில் முதல் வண்டுகள் விடப்பட்டன. அடுத்து சபாவில். அப்புறம் நடந்ததை யாரும் நிறுத்தியிருக்க முடியாது. சுற்றிலும் எட்டிய தூரம் வரை சாப்பாடு, எதிரி என்று பெரிதாக யாரும் இல்லை, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தலைமுறை. ஆண்பூக்களை வெட்டி லாரியில் ஏற்றி மற்றத் தோட்டங்களுக்கும் கொண்டுபோனார்கள். அதற்கு முன்னாலேயே தானாகப் பறந்தும் பரவியது. 1982-க்குள் தீபகற்பத்தில் செம்பனை இருக்கும் இடமெல்லாம் அது இருந்தது என்று சொல்லலாம். எங்கள் தோட்டம் குளுவாங்கிலிருந்து அதிக தூரம் இல்லை. அம்மா முதலில் பார்த்தது 1981 நடுவில், பூவில் ஏதோ கருப்பாக ஓடுகிறது, பூச்சி விழுந்துவிட்டது, மருந்தடிக்க வேண்டும் என்று மண்டோரிடம் சொன்னாராம். மருந்தடிக்கக் கூடாது என்று மேலே இருந்து உத்தரவு வந்திருந்தது.

காய்ப்பு கூடியது. தீபகற்பத்தில் கூடியதைவிட சபாவில் கூடியது அதிகம், ஏனென்றால் அங்கேதான் அதுவரை எந்தப் பூச்சியும் உதவவில்லை. முன்பு பாதி வெறுமையாக இருந்த குலைகள் நெருக்கிப்பிடித்த பழத்தோடு வந்தன. அப்பா அறுத்துத் தள்ளும் குலை, தோளில் தூக்கும்போது வித்தியாசம் தெரிந்தது என்பார், முன்பு போல் ஒரே தம்மில் வண்டியில் போட முடியவில்லை.

ஆலைகள் தயாராக இல்லை. முன்பு சொன்ன கருவூணை இங்கே நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பூவும் ஒழுங்காகக் கருவுற்றால் ஒவ்வொரு பழத்துக்குள்ளும் முழுப் பருப்பு. பழச்சதையிலிருந்து வருவது பாமாயில், பருப்பிலிருந்து வருவது வேறொரு எண்ணெய், தேங்காயெண்ணெய் குணத்தில், சோப்புக்கும் அழகுப் பொருளுக்கும் போவது. மகரந்தச் சேர்க்கை முழுமையானதும் பருப்பின் விகிதம் எகிறியது, பருப்பைப் பிரிக்கும் இயந்திரங்கள் திணறின. குலை இறுகிப்போனதால் ஆவியில் வேகவைத்தும் நடுப்பழம் லேசில் உதிரவில்லை. ஆலைக்காரர்கள் அந்த ஒன்றிரண்டு வருஷம் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு பூவின் இரண்டாவது ஆண் அணு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு நாட்டின் ஆலைகளெல்லாம் இயந்திரம் மாற்ற வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

எலிகளும் இதைக் கண்டுபிடித்தன. வாடிய ஆண்பாளைக்குள் கொழுத்த புழு இருக்கிறது என்று தெரிந்ததும் எலி அதைக் கிழித்துத் தின்னத் தொடங்கியது. எலி ஏற்கெனவே பழத்தைத் தின்னும் தொல்லைதான், இப்போது அதற்குக் கறியும் கிடைத்தது. காட்டுக்குள் போகும்போது விரல்கள் பிய்ந்து, நார் நாராகத் தொங்கும் பழைய ஆண்பாளை கண்ணில் பட்டால் அது எலி வேலை. எலிக்கு ஆந்தை என்று மரப்பெட்டிக் கூடுகள் வைத்துக் கூகை வளர்க்கும் பழக்கம் தோட்டங்களில் பரவியது தனிக் கதை.

மலேசியாவுக்கு அப்புறம் இந்தோனேசியா, பாப்புவா நியூ கினி, தாய்லாந்து என்று போனது. 1985-இல் இந்தியாவுக்கும் வந்தது, கேரளத்துச் செம்பனைத் தோட்டங்களில் விட்டார்கள்.

அம்மாவின் கதையை முடித்துவிடுகிறேன். பவுடர் வேலை போனதும் அவரை உதிரிப்பழம் பொறுக்க மாற்றினார்கள். கூடப்போன அத்தைகளில் இரண்டு பேருக்கு அதுவும் கிடைக்கவில்லை, ஒருவர் குடும்பத்தோடு ஜொகூர் பாருவில் தொழிற்சாலைக்குப் போனார். வண்டு நல்லதா கெட்டதா என்று கேட்டால் அம்மா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, முள் குத்தாமல் இருந்தது நிம்மதி, ஆனால் மாதச் சம்பளத்தில் விழுந்த ஓட்டையை யார் அடைத்தார்கள் என்று கேட்பார். நான் அதற்கு மேல் பேசமாட்டேன். தொழிலுக்கு வந்த லாபம் எல்லோருக்கும் தெரியும். வருஷக்கணக்கில் அந்த வண்டின் இடத்தில் நின்றவர்களுக்கு அதில் ஒன்றும் வரவில்லை, அதை எழுதிவைப்பது நம் கடமை என்று நினைக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சபாவில் காய்க்காத மரம் காய்க்கத் தொடங்கியதும் அங்கே செம்பனை வைப்பது லாபமானது, லாபமானதும் மழைக்காடு போனது. வண்டின் குற்றம் இல்லை அது. ஆனால் அந்த விளைச்சல் கணக்கோடு இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இப்போது பிரச்சினை திரும்பி வந்திருக்கிறது, அதனால்தான் இந்தப் பழைய கதையை எடுத்தேன். புதிதாக நடும் ரகங்கள் பெண்பாளையாகவே தள்ளும்படி தேர்ந்தெடுத்து உருவாக்கியவை. குலை நிறைய வர வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். ஆனால் ஆண்பாளை இல்லையென்றால் மகரந்தம் மட்டுமா இல்லை? வண்டு முட்டையிட இடமும் இல்லை. போர்னியோவிலும் சுமத்ராவிலும் சில இடங்களில் இளம் மரங்களில் காய்ப்பு குறைகிறது என்று மறுபடி பேசுகிறார்கள். இந்தோனேசியாவில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: வாடிய ஆண்பாளைகளை வேறு காட்டிலிருந்து கொண்டுவந்து பெட்டிக்குள் வைப்பார்கள், புதிதாகப் பொரித்து வெளியே வரும் வண்டு மகரந்தத் தூள்மேல் நடந்துதான் வர வேண்டும், அப்படி உடம்பெல்லாம் தூளோடு பறந்து பெண்பூ தேடும். அம்மா பாட்டிலிலிருந்து அடித்த அதே தூள்தான்.

எங்கள் தோட்டத்தில் 2 வயது ஆன ஒரு வயல் இருக்கிறது. போன மாதம் அறுத்த முதல் குலைகளில் ஐந்தில் இரண்டு பாதி வெறுமை. போய் வரிசை வரிசையாக எண்ணிப் பார்த்தேன், விரிந்த பெண்பாளைகளுக்கு ஈடாக ஆண்பாளை கைவிரல் எண்ணிக்கைதான் இருந்தது. அதிலும் வாடிய ஆண்பாளைகளை மட்டை வெட்டும் ஆட்கள் குப்பை என்று நினைத்து வெட்டிக் கீழே போட்டுக் குவித்திருந்தார்கள். இப்போது வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள், அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மறுநாள் பெரட்டில் ஒரு வாடிய பாளையைக் கொண்டுபோய் எல்லோர் முன்னாலும் உடைத்துக் காட்டினேன். உள்ளே புழு நெளிந்தது, இரண்டு மூன்று புது வண்டு ஓடி வந்து என் மணிக்கட்டில் ஏறியது. இதை வெட்டக்கூடாது, தானாக உதிரும்வரை மரத்திலேயே இருக்கட்டும் என்று மலாயில் சொன்னேன். இதன் பலன் தெரிய இன்னும் ஐந்தாறு மாதம் ஆகும், இன்றைக்கு விரியும் பூ அப்போதுதான் குலையாக வரும்.